பத்து மணிக்கு இரண்டு வாசல்கள்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21ஆம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, ஒரு பெண் இரண்டு வாசல்களில் நிற்க வேண்டுமென்று இரண்டு அலுவலகங்கள் தனித்தனியே ஆணையிட்டன. ஒரு வாசல் திருவொற்றியூர்க் கடற்கரையில், சவுக்குமேட்டுக் குப்பத்தில் இருந்தது. மற்றொரு வாசல் செங்குன்றத்துக்கு அப்பால், இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கான முகாமில் இருந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு பேருந்துகளும், ஒன்றரை மணி நேரமும், மணலிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் இருந்தன. எந்த வாசலில் ஆளில்லையோ அந்த வாசலுக்குரிய பதிவேட்டில் பெயர் நீக்கப்படும் என்று இரண்டு அறிவிப்புகளும் எச்சரித்தன. நாள் குறிக்குமுன் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். குறை அதுவே, மற்றவையெல்லாம் அதிலிருந்து விளைந்தவை.

அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்பது. மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள். 1990ஆம் ஆண்டு, ஐந்து வயதில், தாயின் இடுப்பிலும் அண்ணனின் கையிலுமாக மாறி மாறி இருந்துகொண்டு, ஒரு மீன்பிடிப் படகில் கடலைக் கடந்தாள். மண்டபம் அகதி முகாமில் சில மாதங்கள். பிறகு செங்குன்றத்து முகாமில் பதினாறு ஆண்டுகள். காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்கு வந்த இடத்தில், விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் சவரிநாதனைக் கண்டாள். இராயபுரத்துத் தேவாலயத்தில் மணம் முடித்தாள். அன்றுமுதல் பதினெட்டு ஆண்டுகளாகச் சவுக்குமேட்டில் குடியிருக்கிறாள். ரூத் என்று ஒரு மகள், வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் நான்காவது ஆள் சவரிநாதனின் அக்காள் ரோசி. கணவனை இழந்தவள், காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தேரடியில் விற்பவள்.

மணம் முடிந்தால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று சவரிநாதன் நம்பியிருந்தான். வரவில்லை. பங்குச் சாமியார் அறிமுகப்படுத்திய வழக்கறிஞர் ஒருவர் தாள்களைப் பார்த்துவிட்டு, முகாம் பதிவை எக்காரணம் கொண்டும் அறுத்துவிடக் கூடாது என்றார். அவள் யார், எப்போது வந்தாள், எங்கிருந்து வந்தாள் என்பதற்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் சான்று. குடியுரிமை கேட்டுப் போட்ட மனு அந்தச் சான்றின்மேல்தான் நிற்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில், ஜெசிந்தா அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அதை முகாமில் ‘செக்கிங்’ என்பார்கள். அலுவலர் பேரேட்டுடன் வரிசை வரிசையாக வருவார், பெயரைப் படிப்பார், பெயருக்குரியவர் வாசலில் நின்று ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். பதினெட்டு ஆண்டுகளில் ரூத் பிறந்த மாதம் ஒன்றைத் தவிர ஜெசிந்தா ஒரு முறையும் தவறியதில்லை. அந்த ஒரு மாதத்துக்கும் மருத்துவமனைத் தாளைக் காட்டினாள்.

சவுக்குமேட்டின் கதை வேறு. கடல் ஆண்டுதோறும் இரண்டடி மூன்றடியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கற்சுவர் எழுப்பப் போகிறோம், சாலை போடப் போகிறோம், குப்பத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சுவர்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். கணக்கெடுப்பில் பதிவாகும் குடும்பத்துக்கு வேறிடத்தில் அடுக்குமாடி வீடு. வீடு மனைவியின் பெயரில். பதினெட்டு வயது நிரம்பிய அனைவரும் நேரில் இருக்க வேண்டும். மனைவி இல்லாவிட்டால் வீடு இல்லை. ஒரு முறை கடலைத் தாண்டித் துரத்தப்பட்டவளை அந்தக் கடலே இரண்டாம் முறையும் துரத்துகிறது என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியதுண்டு. ஆனால், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ரோசி, கடலுக்கு உன் வீட்டு விலாசம் யார் கொடுத்தது என்று கேட்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், நால்வரும் இரண்டு அறிவிப்புகளையும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சவரிநாதன் ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றைப் படித்தான். பிறகு முதலாவதை மறுபடியும் படித்தான். நாள் மாறவில்லை. அவன் எஞ்சினைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரன். தாளின்முன் உட்கார்ந்தால் அவனுக்குத் தலை சுற்றும். நீ இங்கேயே இரு என்றான். சற்றுப் பொறுத்து, பதினெட்டு வருசம் விடாமல் போனாயே, இப்போது விடலாமா என்றும் அவனே கேட்டான்.

ரோசி கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஒர்த்திய ரெண்டு வூட்டாண்டயும் நிக்க சொல்றானா? அதுக்கு இன்னா, ஜெராக்ஸு எட்து ஒண்ண அங்க அனுப்பு. கையெழுத்து மட்டும் நீ போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் அவளுடைய குழப்பம் முன்னைக் காட்டிலும் பெரிதாகத் தெரிந்தது. முகாமில் நின்றால் சவுக்குமேட்டில் அவள் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் சோறு பொங்கிய அடுப்பு அவளுடையதாகாது. சவுக்குமேட்டில் நின்றால் முகாமில் அவள் இல்லை; அப்படியானால் பேசாலையும், படகும், மண்டபத்தில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஐந்து வயதுக் குழந்தையும் இல்லை. எந்தப் பாதியை விட்டுக்கொடுப்பது? இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் பயிற்சி அவளுக்கு எங்கும் தரப்படவில்லை. தன் பெயர் படிக்கப்பட்டால் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் பயிற்சி ஒன்றே தரப்பட்டிருந்தது.

அண்ணன் ஸ்டானிஸ்லாஸைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் எண்ணூர்ப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். முகாமின் ஆண்களில் பாதிப் பேருக்கு அந்த வேலைதான். காலையில் வர முடியாதவர்கள் மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் வந்து காட்டிக்கொள்ளும் வழக்கம் முன்பே உண்டு. இம்முறை ஏதோ கருவி கொண்டுவருகிறார்களாம், ஆனாலும் வழக்கத்தை விடமாட்டார்கள் என்றான். ஒன்று மட்டும் முக்கியம்: பெயர் படிக்கும்போது முகாம் அடையாள அட்டையின் மூலத்தைக் கையில் வைத்திருந்து காட்ட வேண்டும். அட்டையோ ஜெசிந்தாவின் பெட்டியில், திருமணப் புடவைக்கு அடியில் இருந்தது.

ஆகவே முடிவாயிற்று. ஜெசிந்தா காலையில் சவுக்குமேட்டில் நிற்பாள். ரூத்துக்கு இன்னும் பதினெட்டு நிரம்பவில்லை. அவள் நேரில் இருக்கத் தேவையில்லை என்று அறிவிப்பே சொல்கிறது. அவள் முதல் பேருந்தில் அட்டையைக் கொண்டுபோய் மாமனிடம் கொடுப்பாள். மதியத்துக்குமேல் ஜெசிந்தா போய்த் தன்னைக் காட்டிக்கொள்வாள். இந்தத் திட்டத்தில் பிழை இருப்பதாக நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. படித்துப் பார்க்கும் எவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணக்கெடுப்பவர் வரவில்லை. பதினொன்றரைக்கு வந்தார். திருமுருகன் என்று கழுத்து அட்டையில் எழுதியிருந்தது, ஒப்பந்த ஊழியர், இருபத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு டேப்லட். மரியாதை தெரிந்த பிள்ளை. மூன்று நாளாக மணலில் நடந்து நடந்து செருப்பு அறுந்திருந்தது. ரோசி அவருக்கு மோர் கொடுத்தாள். சவரிநாதனின் படத்தையும் விரல் ரேகையையும் எடுத்தார், ரோசியினுடையவற்றையும் எடுத்தார். ஜெசிந்தாவின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தவர், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“அக்கா, அட்ரஸு செங்குன்றம் கேம்ப்னு இருக்கே. நீங்க இங்க இருக்கீங்களா, அங்க இருக்கீங்களா?”

இந்த வினாவை ஜெசிந்தா எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. இங்கே என்று சொன்னால், அங்கே மாதந்தோறும் நின்று சொன்னதெல்லாம் பொய் என்று இவர் கருவியில் ஏறிவிடும். அங்கே என்று சொன்னால், இவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சவரிநாதன் தரையைப் பார்த்தான்.

“இன்னா கேக்குற நீ?” என்றாள் ரோசி. “பதினெட்டு வர்சமா இந்த வூட்ல கீது. என் தம்பிக்கு காய்ச்சல்னா இதான் கண்ணு முழிக்கும். அட்டைல இன்னா எய்திகீதோ அத்தயா பாப்ப? ஆளப் பாருபா.”

“ஆளதான் பாக்குறேன் அத்தை. அவங்களே சொல்லட்டும். எனக்கு ஒரு கட்டம்தான் இருக்கு, ஒண்ணுதான் போட முடியும்.”

“ரெண்டு இடத்துலயும் இருக்கேன்” என்றாள் ஜெசிந்தா.

அவள் சொன்னது முழு உண்மை. ஆயினும் முழு உண்மைக்கு அந்தக் கருவியில் கட்டமில்லை. திருமுருகன் முகவரிக் கட்டத்தில் ‘விவரம் பின்னர்’ என்று இட்டு, அவளுடைய படத்தையும் ரேகையையும் எடுத்துக்கொண்டார். எடுத்தாரே, அதுவே பெரிது என்று ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் அடுத்த வினாவைக் கேட்டார்: பிள்ளைகள் உண்டா?

ஒரு மகள் என்றார்கள். எங்கே என்றார். முகாமுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைத் தாயோடு சேர்த்து நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு நேற்றுக் குறுஞ்செய்தி வந்திருந்ததாம். அறிவிப்பில் அப்படி இல்லையே என்று சவரிநாதன் சுவரைக் காட்டினான். சுவரில் இல்லைதான், எனக்கு வந்திருக்கிறது என்று அவர் தம் கைப்பேசியைக் காட்டினார். சுவரில் ஒன்றும் கைப்பேசியில் ஒன்றுமாகச் சொல்லிவிட்டுச் சுவரைப் படித்தவனைக் குற்றவாளியாக்குவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பிள்ளை வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே ரூத்தின் பெயருக்கு நேரே ‘வெளியில் வசிப்பவர்’ என்று இட்டார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். எங்கே, யாரிடம் என்று கேட்டதற்கு, பட்டியல் ஒட்டும்போது அதிலேயே போட்டிருப்பார்கள் என்றார்.

ஒரு மணிக்கு ரூத் திரும்பி வந்தாள். வியர்த்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு வெற்றிக் களை இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, நீ சாயந்தரம் போகத் தேவையில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்றாள் தாயிடம்.

“என்ன முடிஞ்சிது?”

“உன் பேர்ல நானே நின்னுட்டேன்மா. மாமிதான் நிக்க சொன்னாங்க. மிஷின்ல கட்டைவிரல வெச்சேன். பச்சை லைட்டு வந்திச்சு.”

சவரிநாதன் வாய்விட்டுச் சிரித்தான். ஜெராக்ஸ் எடுத்தாயிற்று அக்கா, என்று ரோசியைப் பார்த்துச் சொன்னான். ரோசி சிரிக்கவில்லை, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா மகளின் வலக்கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மை இல்லை, கறை இல்லை, வழக்கமான விரல். என்ன நடந்திருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியும் விளங்காமலும் இருந்தது. தன் பெயர் தப்பிப் பிழைத்துவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ச்சி. பிழைத்த பெயருக்குள் இப்போது இருப்பவள் யார் என்று மறு கணம் அச்சம். சோற்றைத் தொடாமல், மகளையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

பேருந்தில் அவள் தன் தாயை நினைத்தாள். 1990இல், மண்டபத்தில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எத்தனை பேர் என்று கேட்டபோது, மூன்று பேர் நின்றுகொண்டு நான்கு என்றாள் தாய். நான்காவது ஆள் எங்கே என்று கேட்டபோது, அவர் வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். தந்தை பேசாலைக் கரையில் நின்றுவிட்டார். அடுத்த படகில் வருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த படகும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மூன்று ஆண்டுகள், மாதந்தோறும், தந்தையின் பெயர் படிக்கப்பட்டபோதெல்லாம் தாய் அதே பதிலைச் சொன்னாள். சில மாதங்களில் பக்கத்து வரிசை ஆண் ஒருவர், கூட்டத்தின் பின்னால் நின்று கை தூக்கியதும் உண்டு. அலுவலருக்குத் தெரியும்; தெரிந்தும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். அன்றுமுதல் அது முகாமின் வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போனவனுக்காகத் தம்பி நிற்பான். பிள்ளை பெறப் போனவளுக்காகத் தங்கை நிற்பாள். ஒருவரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. இல்லாதவரை இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் எந்நாளும் இல்லாமற்போய்விடுவார் என்ற அச்சமே அந்த வழக்கத்தை உண்டாக்கியது.

முகாமில் அண்ணன் மனைவி பிலோமினா வாசலிலேயே நின்றாள். அவளுக்கும் நிம்மதி கலைந்திருந்தது.

“நாங்க எண்டைக்கும் செய்யிறதுதானே மச்சாள்” என்றாள். “பிள்ளை அட்டையோட வந்து நிக்குது. உன்ர பேரை வாசிக்கினம். ஆரும் பேசாமல் நிண்டால் வெட்டிப்போடுவாங்கள். நான் பிள்ளையை முன்னுக்குத் தள்ளி விட்டன். மெசின் விரலைக் கேக்கும் எண்டு எனக்குத் தெரியுமே?”

அவளைக் கடிந்துகொள்ள ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை. தானாக இருந்தாலும் அதையே செய்திருப்பாள். பேரேடு மட்டும் இருந்த காலத்தில் அது ஒரு மாதத்து உதவி. கருவி வந்த நாளில் அது என்றைக்குமான மாற்றம். அன்றைக்கு எடுக்கும் ரேகைதான் இனிமேல் ஒவ்வொரு மாதமும் ஒப்பிடப்படும் ரேகை என்று முகாமில் ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் தங்கையை ஓரமாக அழைத்துப் போனான். கைகளில் அலுமினிய பெயிண்ட் காய்ந்து மினுங்கியது. மெதுவாகச் சொன்னான்: பேசாமல் இருந்துவிடு. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நீ போய்ச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்பார்கள். உன் பெயர் போகும், எங்கள் பெயரும் போகும், பிள்ளைமேல் வழக்கு வரும்.

“அண்ணா, இண்டைக்கு நான் பேசாமல் இருந்தால், இனி ஜெசிந்தா ஆர்?”

ரூத் ஒரு வேப்பமரத்தடியில் நின்று தன் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இராயபுரத்து மருத்துவமனையில் பிறந்த பெண். கடற்கரையில் கட்டிக்கிடக்கும் படகுகளைத் தவிர வேறு படகில் ஏறியதில்லை. அவள் இப்போது பேசாலையில் பிறந்து, ஐந்து வயதில் கடலைக் கடந்து, முப்பத்துநான்கு ஆண்டுகளாக முகாமில் வாழ்பவள். கருவி அப்படித்தான் சொல்கிறது. நாளை அவள் கல்லூரியில் சேரப் போவாள், வேலைக்குப் போவாள், எங்காவது ஒரு கருவியில் விரலை வைப்பாள். அப்போது இந்தப் பெயர் எழுந்து வரும்.

ஜெசிந்தா அலுவலக அறைக்குள் போனாள். மணி நாலரை.

அலுவலர் முகாமுக்குப் பழையவர். ஓய்வு பெற ஓராண்டு இருந்தவர். கெட்ட மனிதர் அல்லர். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னாள். அவர் கருவியைத் திறந்து ஜெசிந்தா என்ற பெயரைத் தட்டினார். திரையில் ரூத்தின் முகம் வந்தது. அவர் அடையாள அட்டையை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் இருந்த படம் 2003இல், ஜெசிந்தாவுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது எடுக்கப்பட்டது. அதே நெற்றி, அதே மூக்கு, அதே ஒற்றைப் பின்னல். அலுவலர் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எதிரில் நின்ற நரை விழுந்த பெண்ணைப் பார்த்தார்.

“இந்தப் படத்துல இருக்கிறது அந்தப் பொண்ணுதானேம்மா?”

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். இருபத்தொரு ஆண்டுகளாகத் தன் படம் என்று நம்பி வந்த அதை அவள் உற்றுப் பார்த்தபோது, ஒரு கணம், அவளுக்கே ஐயம் வந்துவிட்டது. அதில் இருப்பவள் ரூத். ரூத்தேதான். அப்படியானால் இங்கே நின்று பார்ப்பவள் யார்?

அலுவலர் கருவியை நீட்டினார். அவள் விரலை வைத்தாள், சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்; சிவப்பு. ரூத்தை உள்ளே அழைத்தார்கள். ரூத் விரலை வைத்தாள், பச்சை.

பேசாமல் இருந்துவிடலாம் என்று அவரும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். ஓராண்டில் தாம் போய்விடப் போவதாகவும், யாரும் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னார். அவர் இரக்கத்தால்தான் சொன்னார். ஒரு பொய்யைச் சொல்லும்படி நல்லவர்கள் இருவர் ஒரே நாளில் ஒரு பெண்ணைக் கேட்டுக்கொள்ளும் நிலையை உண்டாக்கியது எதுவோ, அதைக் கேட்பார் இல்லை.

“அது என் மகள், சார்” என்றாள் ஜெசிந்தா. “இங்க பிறந்தவ. அவளை எடுத்துடுங்க. என் பேர் போனாலும் போகட்டும், அவளை எடுத்துடுங்க.”

முப்பத்துநான்கு ஆண்டுகளில் அவள் ஓர் அலுவலரிடம் ‘இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறு சொன்னது அதுவே முதன்முறை. அவர் நீண்ட நேரம் எழுதினார். வழக்கு ஒன்றும் வராதபடி, தவறுதலாக நேர்ந்தது என்று எழுதினார்; அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவளிடமும் ஒரு மனு எழுதி வாங்கினார். எழுதி முடித்துவிட்டு நடைமுறையை விளக்கினார். கருவியில் ஏறியதை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேலே அனுப்ப வேண்டும். மேலிருந்து பதில் வர வேண்டும். பதில் வரும்வரை பதிவு அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமானால், மாதந்தோறும் விரல் வைக்க வேண்டும். யாருடைய விரல் பொருந்துகிறதோ அவருடைய விரலை.

“அப்ப நான் வரணுமா?” என்றாள் ரூத்.

பதில் வரும்வரை, என்றார் அவர்.

அக்டோபர் 19ஆம் நாள் தாயும் மகளும் முதல் பேருந்தில் போனார்கள். நவம்பர் 16ஆம் நாளும் போனார்கள். அன்று ரூத்துக்குப் பள்ளியில் கணக்குத் தேர்வு. வகுப்பாசிரியை காரணம் கேட்டபோது என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன் என்றாள். அதற்கிடையில் சவுக்குமேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். சவரிநாதன், ரோசி, ஜெசிந்தா என்று மூன்று பெயர்கள். மூன்றாவதற்கு நேரே ‘முகவரி ஐயத்திற்குரியது’. நான்காவது பெயர் இல்லை. திருத்தம் கோருவது எங்கே, யாரிடம் என்பது அந்தப் பட்டியலிலும் இல்லை. ரோசி அதைக் கிழித்துவிடுவதாகச் சொன்னாள். கிழித்தால் இருக்கிற மூன்றும் போய்விடும் என்று சவரிநாதன் தடுத்தான். அவள் பட்டியலை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பொறந்த புள்ள வெளியாளாம். வந்தவ வூட்டாளாம். இன்னா பேஜாருடா சாமி இது.”

முகாமில் இப்போது இவ்வாறு நடக்கிறது. வரிசையின் கடைசியில், மாமன் வீட்டு வாசலில் ரூத் நிற்கிறாள். பள்ளிச் சீருடையில் நிற்கிறாள், அங்கிருந்து நேரே பள்ளிக்குப் போக வேண்டியிருப்பதால். அவளுக்கு ஒரு முழம் பின்னால் ஜெசிந்தா நிற்கிறாள். அலுவலர் ஜெசிந்தா என்று படிக்கிறார். தாயின் உதடு தன்னையறியாமல் அசைகிறது. ‘இருக்கிறேன்’ என்பது மகளின் குரல். பச்சை விளக்கு எரிகிறது. அடுத்த பெயரைப் படிக்கிறார்கள். திரும்பும் பேருந்தில், அம்மா, நான் எத்தனை மாசம் நீயா இருக்கணும் என்று ரூத் ஒரு முறை கேட்டாள். மணலிச் சாலையில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன.

மனுவுக்குப் பதில் வரவில்லை. ஜெசிந்தா கேட்டுக் களைத்துவிட்டாள். அவள் குரலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. உங்கள் பெயர் ஒரே பட்டியலில், ஒரே முகவரியில், ஐயத்திற்கு இடமின்றி இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்டால் அவர்கள் செவிசாய்த்தாக வேண்டும். தாயைத் தாயாகவும் மகளை மகளாகவும், ஒரு வீட்டில், ஒரு தாளில், ஒரே நாளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இரக்கப்பட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். எழுத்து மூலமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, எழுதிவிட்டார்களா என்று மறுமாதமும் கேளுங்கள்.